அடுத்து எந்தப் பந்து?

“அண்ணா, அடுத்து எது?”

சனிக்கிழமை மாலை ஆறரை மணி. எங்கள் தாமான் திடலில் வெளிச்சம் குறையத் தொடங்கியிருந்தது. நான் கவிழ்த்துப் போட்ட பெயிண்ட் வாளிமேல் கையுறையோடு உட்கார்ந்திருந்தேன். 40 அடி தள்ளி என் சித்தி மகள் நின்றாள். 13 வயது, படிவம் 1. வீட்டில் எல்லாரும் பாப்பா என்றுதான் கூப்பிடுவோம், திடலில் அப்படிக் கூப்பிட்டால் மட்டும் முறைப்பாள். பள்ளி சாஃப்ட்பால் அணியில் பிட்சர், அதாவது பந்து போடுபவள்.

அவள் கேட்டது சின்னக் கேள்வி. ஃபாஸ்ட்பால் ஓரளவு கைக்கு வந்துவிட்டது, அடுத்து எந்தப் பந்தைக் கற்றுக்கொள்வது? இதற்குப் பதில் சொல்ல எனக்கு மூன்று வாரம் ஆனது. இயந்திரப் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறவனுக்கு இது ஒரு கேள்வியா என்று நினைத்துத்தான் நானும் ஆரம்பித்தேன்.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. சாஃப்ட்பாலில் பந்தைத் தலைக்கு மேலே இருந்து வீசக் கூடாது. கையைக் காற்றாலை மாதிரி ஒரு முழு வட்டம் சுற்றி, இடுப்புக்குப் பக்கத்தில் கீழிருந்து விட வேண்டும். நேராக வேகமாகப் போவது ஃபாஸ்ட்பால். கை அதே வேகத்தில் சுற்றியும் பந்து மட்டும் மெதுவாகப் போனால் சேஞ்ச்-அப். தட்டுக்குப் பக்கத்தில் வந்து கீழே விழுவது ட்ராப். பக்கவாட்டில் விலகுவது கர்வ், அதற்கு எதிர்ப்பக்கம் போவது ஸ்க்ரூ. மேலே ஏறுவது போலத் தோன்றுவது ரைஸ். பார்க்க ரொம்ப அழகான பந்து ரைஸ்தான், அதில் சந்தேகமே இல்லை.

பாப்பாவுக்கு ரைஸ்தான் வேண்டும். காணொலியில் பார்த்திருக்கிறாள். அவள் பள்ளி சிக்குவும் ரைஸ் என்றுதான் சொல்லியிருந்தார். மாவட்டப் போட்டிக்கு இரண்டு மாதம்தான் இருந்தது. “இந்த வயசுப் பிள்ளைங்க உயரமா வர்ற பந்தைப் பார்த்தா கையைக் கட்டிக்கிட்டு நிக்க மாட்டாங்க, வீசிடுவாங்க” என்பது அவர் கணக்கு. தப்பான கணக்கு இல்லை. சித்தப்பாவும் புலனத்தில் எனக்குச் செய்தி அனுப்பினார்: “சிக்கு ரைஸ் சொல்றாரு. நீ விளையாடினவன், சொல்லிக் குடுப்பா. மாநிலத்துக்குப் போனா மார்க் இருக்கு.”

மார்க் என்று அவர் சொன்னது நமக்கெல்லாம் தெரிந்த கதை. அரசாங்கப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும்போது படிப்புக்கு 90 விழுக்காடு, புறப்பாட நடவடிக்கைக்கு 10 விழுக்காடு. மாவட்டமா மாநிலமா என்பதெல்லாம் அந்தப் பத்துக்குள் வரும். சித்தப்பா பேராசைக்காரர் இல்லை. லாரி ஓட்டி மூன்று பிள்ளைகளைப் படிக்க வைக்கிறவர். படிவம் 1-லேயே படிவம் 6-ஐப் பற்றிக் கவலைப்படுகிறார், அவ்வளவுதான்.

அப்போது எனக்கு என்ன வேண்டியிருந்தது? எனக்கும் ரைஸ்தான். நான் விளையாடிய காலத்தில் கடைசிவரை எனக்கு வராத பந்து அது. ஆக நான்கு பேருக்கும் ஒரே விருப்பம். அத்தனை பேரும் ஒரே பக்கம் சாய்ந்து நின்றதுதான் என்னை யோசிக்க வைத்தது.

இதைச் சொல்ல என் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எனக்கு 15 வயதில் பள்ளியில் கர்வ் சொல்லிக் கொடுத்தார்கள். போட்டிக்கு மூன்று வாரம் இருந்தது. முறையாகக் கற்க நேரமில்லை, அதனால் கையை உடம்புக்குக் குறுக்கே இழுத்து எப்படியோ பந்தைத் திருப்பக் கற்றுக்கொண்டேன். திரும்பியது. ஜெயித்தோம். அதற்குப் பிறகு நான்கு பந்து போட்டால் மூன்று கர்வ். ஒரே நாளில் இரண்டு ஆட்டம் போட்டிருக்கிறேன். வலிக்கிறது என்று சொன்னபோது எங்கள் ஆசிரியர் ஜப்பானின் உயெனோ யுகிகோவைப் பற்றிச் சொன்னார். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ஆகஸ்ட் 20, 21 என இரண்டே நாளில் மூன்று ஆட்டம், 413 பந்து, கடைசியில் அமெரிக்காவையே தோற்கடித்துத் தங்கம். கேட்டதும் எனக்கு ரத்தம் சூடேறியது. மறுபடி போய் வீசினேன்.

படிவம் 5-இல் தலை சீவக் கையைத் தூக்க முடியவில்லை. அத்தோடு சாஃப்ட்பால் முடிந்தது.

கர்வ்தான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். ஒரே ஒரு தோளை வைத்து எந்தப் பொறியியல் மாணவனும் முடிவுக்கு வரக் கூடாது. பந்துகளின் எண்ணிக்கையாக இருக்கலாம், ஓய்வில்லாததாக இருக்கலாம், நான் கற்றுக்கொண்ட அரைகுறை முறையாக இருக்கலாம். ‘கீழிருந்து வீசுவதுதானே, உடம்புக்கு இயல்பு, எத்தனை போட்டாலும் ஒன்றும் ஆகாது’ என்று நம் திடல்களில் இன்னும் சொல்கிறார்கள். அது சரியில்லை என்பது மட்டும் எனக்கு நிச்சயம். 1998-லேயே அமெரிக்க ஆய்வாளர்கள் அளந்து எழுதியிருக்கிறார்கள்: இந்தக் காற்றாலைச் சுற்றில் தோள்மூட்டின் மேல் வரும் விசை, தலைக்கு மேல் வீசும் பேஸ்பால் வீச்சில் வருவதற்கு ஏறக்குறைய நிகரானது.

உயெனோவைப் பற்றியும் பின்னால்தான் யோசித்தேன். அந்த 413 பந்தைப் போட்டபோது அவருக்கு வயது 26. வளர்ந்த உடம்பு, தானே எடுத்த முடிவு. அவர் 39 வயதில் தோக்கியோவிலும் இறுதி ஆட்டத்தில் பந்து போட்டு இன்னொரு தங்கம் வாங்கினார். அப்படிப்பட்டவரின் கதையை 15 வயதுப் பையனிடம் எதற்காகச் சொன்னார்கள்? எனக்காகவா, அடுத்த ஆட்டத்துக்காகவா?

ஒன்றை மறைக்கக் கூடாது. என்னை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. ‘கர்வ் கத்துக்கிறியா?’ என்று கேட்டார்கள், நான் துள்ளிக் குதித்துச் சரி என்றேன். இன்றைக்குத் திரும்பிப் பார்த்தால் எனக்கு இடறுவது அதுதான். ஒரு பிள்ளையிடம் கேட்டாயா, அதற்குச் சம்மதமா, பிறகென்ன என்று நாம் சொல்வோம். ஆனால் கேட்கிறவருக்கும் பதில் சொல்கிறவனுக்கும் கண் ஒரே கோப்பையின் மேல் இருந்தால், அந்தச் சம்மதத்துக்கு என்ன எடை?

சரி, பாப்பாவின் ரைஸுக்கு வருவோம். அடுத்த வாரம் விடுதி அறையில் பாடத்தை ஒதுக்கி வைத்துவிட்டுக் கணக்குப் போட்டேன். (தேர்வுக்குக்கூட இவ்வளவு அக்கறையாகப் போட்டதில்லை.) அவள் வேகம் ஏறக்குறைய மணிக்கு 70 கிலோமீட்டர். பந்து கையை விட்டதும் மட்டைக்குப் போக அரை நொடிக்குச் சற்று மேல். அந்த நேரத்தில் புவியீர்ப்பு மட்டும் பந்தை அதன் நேர்கோட்டிலிருந்து ஒன்றரை மீட்டர் அளவுக்குக் கீழே இழுக்கிறது. பின்னோக்கிச் சுழலும் பந்தைக் காற்று கொஞ்சம் மேலே தூக்கும், உண்மைதான். ஆனால் அந்தத் தூக்கு விசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. அவள் வேகத்தில், சுழற்சி ரொம்ப நன்றாக அமைந்தாலும், என் கணக்கில் பந்தின் எடையில் ஐந்தில் ஒரு பங்குதான் வருகிறது. அதாவது பந்து ஏறாது. கொஞ்சம் குறைவாக இறங்கும். பெரிய வீராங்கனைகள் மணிக்கு 100 கிலோமீட்டரில் போடும்போதும் அது உண்மையில் ஏறுவதில்லை. எதிர்பார்த்ததைவிடக் குறைவாக இறங்குவதால் மட்டையடிப்பவரின் கண்ணுக்கு ஏறுவதாகத் தெரிகிறது. அந்தக் கண்கட்டுக்கு வேகம் வேண்டும். வேகத்துக்கு உடம்பு வளர வேண்டும்.

வேகம் இல்லாத பிள்ளை ரைஸ் போட முயன்றால் என்ன செய்யும்? உடம்பைப் பின்னால் சாய்த்து, தோளைத் தாழ்த்தி, பந்தை வலுவில் மேலே தூக்கும். அப்படியே ஃபாஸ்ட்பாலும் கெடும். அவளுக்கு அப்போது 10 பந்து போட்டால் 6 பந்து நான் கையுறை காட்டிய இடத்துக்கு வரும். அந்த ஆறுதான் அவள் சொத்து.

சிக்குவின் வாதத்துக்கும் எனக்குப் பதில் கிடைத்துவிட்டது. உயரமாக வரும் பந்துக்குப் பிள்ளைகள் வீசுகிறார்கள் என்றால், ஃபாஸ்ட்பாலையே உயரமாகப் போட்டால் போதுமே? அதற்கு எதற்குப் புதுப் பந்து?

சேஞ்ச்-அப்பைக் கணக்குப் போட்டபோது எனக்கே ஆச்சரியம். மணிக்கு 70-க்குப் பதில் 52-இல் போனால் பந்து ஏறக்குறைய ஐந்தில் ஒரு நொடி தாமதமாக வருகிறது. அந்த நேரத்துக்குள் மட்டை தட்டைத் தாண்டிப் போயிருக்கும். இதற்குப் பெரிய வேகம் வேண்டாம், தோளுக்குப் புதுச் சுமை இல்லை. கை சுற்றுவது அதே சுற்று, பந்தைப் பிடிப்பதும் விடுவதும்தான் வேறு. ஃபாஸ்ட்பால், அடுத்தது சேஞ்ச்-அப், பிறகு ட்ராப், கர்வும் ரைஸும் பின்னால் என்றுதான் நிறையப் பயிற்றுநர்கள் வரிசை வைக்கிறார்கள். ட்ராப்பைக் கூட அவள் வளர வளரக் கொடுக்கலாம், அங்கே புவியீர்ப்பு நம் கட்சி.

ஆனால் கணக்கு முடிந்ததும் கேள்வி முடியவில்லை. சிக்குவின் பக்கத்தில் இன்னொரு நியாயம் இருந்தது. அணியில் பாப்பா மட்டும் இல்லை. பல அக்காமார்களுக்கு இந்த வயதுப் பிரிவில் அதுதான் கடைசி ஆண்டு. அவர்கள் வெயிலில் ஓடிய ஓட்டத்துக்கும் மதிப்பு உண்டு. ஒரு பிள்ளையின் ஐந்து வருடத்துக்குப் பிறகான தோளை நினைத்து, இன்றைக்குப் பத்துப் பிள்ளைகளின் வாய்ப்பைக் குறைக்க எனக்கு என்ன உரிமை? இதற்கு எனக்குச் சுத்தமான பதில் கிடைக்கவில்லை. ஒன்று மட்டும் தோன்றியது. அணிக்காகச் சுமக்கிறேன் என்று அவளே சொல்லலாம், அது தியாகம். அவள் முதுகில் நாம் ஏற்றிவிட்டு அதற்குத் தியாகம் என்று பெயர் வைக்க முடியாது.

சின்ன வயதில் கோயிலில் தேவார வகுப்புக்குப் போவேன். அங்கே அக்கா ஒருவர் மாதக்கணக்கில் ஒரே பதிகத்தைப் பாடச் சொல்வார். கஷ்டமான பண்ணைக் கேட்டால், “முதல்ல குரல் வரட்டும்” என்பார். அவ்வளவு பொறுமைசாலி. திருமுறை ஓதும் போட்டி அறிவித்த வருடம் அவரே எங்களுக்கு மூன்று வாரத்தில் மூன்று பதிகம் திணித்தார்! அவரைக் குறை சொல்லவில்லை. போட்டித் தேதி என்று ஒன்று சுவரில் ஒட்டியதும் நல்லவர்களுக்கும் கண் மாறுகிறது. நம் இளைஞர் முகாம்களில் பலனை எதிர்பார்க்காமல் கடமையைச் செய் என்று பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். பிள்ளை பாட்டுக்குப் பந்தைப் போட்டுக்கொண்டுதான் இருக்கிறது. கோட்டுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து பலனை எண்ணிக்கொண்டிருப்பது யார்?

அதனால் எனக்கு நானே ஒரு கேள்வி வைத்துக்கொண்டேன். இரண்டு மாதத்தில் போட்டியே இல்லை என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் இதே பந்தைத்தான் சொல்லிக் கொடுப்பேனா? ரைஸுக்குப் பதில் இல்லை என்று வந்தது. சேஞ்ச்-அப்புக்கு ஆமாம் என்று வந்தது.

பாப்பாவிடம் சொன்னேன். முகம் விழுந்துவிட்டது.

“மெதுவா போடுறதுக்கு எதுக்குண்ணா கத்துக்கணும்? எல்லாரும் சிரிப்பாங்க.”

போட்டுப் பார்த்தபோது இன்னொன்று கேட்டாள். அதை நான் எதிர்பார்க்கவில்லை. “கையை வேகமா சுத்திட்டு மெதுவா விட்டா, அது ஏமாத்துறது இல்லையா?”

வாளியிலிருந்து எழுந்து போய் அவள் பக்கத்தில் புல்லில் உட்கார்ந்தேன். நல்ல கேள்வி இல்லையா? வெளியே இப்படி ஒன்றைக் காட்டி ஒன்றைக் கொடுத்தால் நாம் பொய் என்போம். நான் கொஞ்ச நேரம் யோசித்துச் சொன்னேன்: மட்டையோடு நிற்கிறவளுக்குத் தெரியும், நீ வேகத்தை மாற்றலாம் என்று. அவளும் ஒப்புக்கொண்டுதான் அங்கே நிற்கிறாள். நாளைக்கு அவள் பந்து போடும்போது நீ நிற்பாய். அவளிடமிருந்து எதையும் திருடவில்லை, கண்டுபிடி பார்க்கலாம் என்று விடுகதை போடுகிறாய். ஆனால் தள்ளிக் கிளம்பிய காலை நடுவில் மறுபடி ஊன்றி இன்னொரு தள்ளு தள்ளுகிறார்கள் பார், அது விதியில் இல்லை. அம்பயர் பார்க்கவில்லை என்பதற்காக அது விடுகதை ஆகாது.

“அப்ப போன மாசம் நான் செஞ்சது?” என்றாள் மெதுவாக. அவளுக்கு அந்தக் கால் பழக்கம் இருந்தது. எனக்குத் தெரியும், யாரும் திருத்தவில்லை, நானும்தான். வேகம் கூடுகிறதே என்று விட்டுவிட்டிருந்தேன். ஆக அடுத்த பந்துக்கு முன்னால் அந்தக் காலைச் சரி செய்ய வேண்டியதாயிற்று. அதற்கே இரண்டு வாரம் போனது. வேகமும் கொஞ்சம் குறைந்தது. சித்தப்பாவிடம் அதை விளக்குவதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது.

என் தோள் கதையையும் அன்றைக்கே அவளிடம் முழுசாகச் சொன்னேன். நான் பெரியவன், எனக்குத் தெரியும், அதனால் ரைஸ் வேண்டாம் என்று முடித்திருந்தால் என் ஆசிரியருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? திசைதான் வேறு. அவள் கேட்டுக்கொண்டே புல்லைப் பிய்த்தாள். பிறகு பேரம் பேசினாள்.

“சரி, மேட்ச்ல போடல. ஆனா பயிற்சி முடிஞ்சதும் பத்து ரைஸ். கிட்ட நின்னு. சும்மா.”

“எதுக்கு?”

“எனக்குப் புடிச்சிருக்கு.”

என் கணக்கில் இதற்கு இடமே இருக்கவில்லை. நான் அவளுடைய தோளை, வளர்ச்சியை, வருங்காலத்தை எல்லாம் எண்ணினேன். அவளுக்கு அந்தப் பந்து பிடித்திருக்கிறது என்பதை எண்ணவில்லை. போட்டிக்காகத் திணிப்பவர் பிள்ளையை மறக்கிறார். பாதுகாப்புக்காகத் தடுப்பவனும் மறக்கிறான் போலிருக்கிறது. பத்தடி தூரத்தில் நின்று மணிக்கட்டை மட்டும் சுழற்றிப் பந்துக்குப் பின்சுழற்சி கொடுத்துப் பழகுவதால் தோளுக்கு என்ன வந்துவிடப் போகிறது? பந்தில் கறுப்பு டேப் ஒட்டினேன், சுழற்சி சரியா என்று கண்ணுக்குத் தெரிய. முதல் நாள் பத்தில் ஒன்றுகூடச் சரியாகச் சுழலவில்லை. அவள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே!

மாவட்டப் போட்டி வந்தது. நான் விடுதியிலிருந்து பேருந்து பிடித்துப் போனேன். முதல் ஆட்டத்தில் சேஞ்ச்-அப் வேலை செய்தது. உயரமான ஒரு பிள்ளை மட்டையை வீசி முடித்துவிட்டுத் திரும்பிப் பார்க்கிறாள், பந்து அப்போதுதான் வருகிறது. பார்வையாளர் பக்கம் ஒரே சத்தம். இரண்டாவது ஆட்டம் கடைசிவரை சமமாகப் போனது. கடைசி இன்னிங்ஸில் பாப்பா போட்ட சேஞ்ச்-அப் கொஞ்சம் உயரமாக மிதந்து வந்தது. மெதுவான பந்து உயரத்தில் வந்தால் தட்டில் வைத்துக் கொடுத்த மாதிரி. அந்தப் பிள்ளை காத்திருந்து அடித்தாள். பந்து வேலியோரம் போனது, ஓர் ஓட்டத்தில் தோற்றோம்.

கடைசி வருட அக்காமார்களில் இரண்டு பேர் அழுதார்கள். சிக்கு என் பக்கத்தில் வந்து, “ரைஸ் இருந்திருந்தா?” என்றார். கோபமாகச் சொல்லவில்லை, உண்மையாகவே கேட்டார். என்னிடம் பதில் இல்லை. இருந்திருந்தால் ஜெயித்திருக்கலாம். என் கணக்குப்படி இல்லை, ஆனால் அந்தக் கணக்கை அழுதுகொண்டிருந்த பிள்ளைகளிடம் காட்ட முடியுமா? சித்தப்பா வண்டியில் வீடு வரும்வரை எதுவும் பேசவில்லை. இறங்கும்போது மட்டும், “தோள் வலிக்குதாமா?” என்று அவளைக் கேட்டார். இல்லை என்று தலையாட்டினாள்.

அடுத்த சனிக்கிழமை அவள் வர மாட்டாள் என்றுதான் நினைத்தேன். ஆறு மணிக்கு வாளியை எடுத்துக்கொண்டு திடலுக்குப் போனால், எனக்கு முன்னாலேயே வந்து நிற்கிறாள். கையில் கறுப்பு டேப் ஒட்டிய பந்து.

“இன்னிக்கு அந்தப் பத்தை முதல்ல போட்டுக்கலாம்ணா. அப்புறம் சேஞ்ச்-அப். அது ஏன் உயரமா வந்துச்சுன்னு எனக்குத் தெரியும்.”

நான் வாளியைப் பத்தடியில் போட்டு உட்கார்ந்தேன்.